மின்மினியின் சாட்சியம்: நச்சுச் சோதனையில் ஓர் ஒளியின் வரலாறு

புதிதாக உருவாக்கப்பட்ட ஒரு வேதிப்பொருள் மனித உயிரணுவைக் கொல்லுமா, கொல்லாதா என்பதை அறிய இன்றைய ஆய்வகங்கள் கையாளும் வழிகளுள் மிகப் பரவலான ஒன்று, மின்மினியின் ஒளியை அளப்பது. ஆய்வகத்தில் மின்மினி எதுவும் பறப்பதில்லை. அதன் வயிற்றின் நுனியில் ஒளியை உண்டாக்கும் நொதி மட்டும் ஒரு குப்பியில் இருக்கிறது. நஞ்சூட்டப்பட்ட உயிரணுக்களின் மீது அந்த நொதி ஊற்றப்படுகிறது. ஒளி வந்தால் உயிரணுக்கள் உயிரோடு இருக்கின்றன. ஒளி மங்கினால் அவை மாண்டுகொண்டிருக்கின்றன அல்லது மாண்டுவிட்டன.

இவ்வளவு எளிய சோதனைக்குப் பின்னால் ஏறத்தாழ 140 ஆண்டுக்கால வரலாறு உண்டு. அதில் ஒரு பிரெஞ்சு உடலியலாளர் இருக்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒரு தெலுங்கர் இருக்கிறார். கோடை இரவுகளில் மின்மினி பிடித்துச் சில்லறை சம்பாதித்த அமெரிக்கச் சிறுவர்கள் இருக்கிறார்கள். தன் உயிரணுக்கள் எடுக்கப்பட்டதை அறியாமலே இறந்துபோன ஒரு பெண்மணி இருக்கிறார். அந்த ஒளி ஒருமுறை அறிவியலாளர்களைத் திசைதிருப்பிய கதையும் இருக்கிறது. கலைச்சொற்களின் வரலாற்றைத் தேடிச் செல்பவர்களுக்கு இத்தகைய கதைகள் வழியில் அகப்படுவதுண்டு. இது சற்றே நீண்ட பதிவு. பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

1. பெயர் வந்த வழி

மின்மினி என்ற தமிழ்ச்சொல் 'மின்' என்னும் வேரின் இரட்டிப்பு. விட்டுவிட்டு ஒளிர்வதை ஒலியிலேயே காட்டும் சொல் அது. தமிழில் வழங்கிய மற்றொரு பெயரான கச்சோதம், 'வானில் ஒளிர்வது' என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலப் பெயரோ இரண்டு வகையில் பிழையானது: அது நெருப்பும் அன்று, ஈயும் அன்று. மின்மினி வண்டினத்தைச் சேர்ந்தது. அதன் ஒளியில் சூடு இல்லை என்றே சொல்லலாம்.

சூடில்லாத ஒளி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு முதல் திறவுகோலைத் தந்தவர் ரஃபேல் துபுவா. 1885-இல் அவர் மேற்கிந்தியத் தீவுகளின் ஒளிரும் வண்டு ஒன்றை ஆராய்ந்தார். ஒளியுறுப்பை அரைத்துக் குளிர்ந்த நீரில் கரைத்தபோது கரைசல் சிறிது நேரம் ஒளிர்ந்து அணைந்தது. வேறொரு பகுதியைக் கொதிநீரில் கரைத்தபோது ஒளி நின்றுவிட்டது. அணைந்துபோன இரண்டையும் குளிர்ந்த பின் ஒன்றாகக் கலந்ததும் மீண்டும் ஒளி பிறந்தது.

அவர் கண்ட விளக்கம் இதுதான். ஒளிர்வதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று எரிபொருள் போன்றது. வெப்பத்தைத் தாங்கும், ஆனால் ஒளிரும்போது தீர்ந்துபோகும். மற்றது நொதி, தீராது, ஆனால் வெப்பத்தில் அழியும். குளிர்நீர்க் கரைசலில் நொதி எஞ்சியிருந்தது. கொதிநீர்க் கரைசலில் எரிபொருள் எஞ்சியிருந்தது. 1887-இல் ஒளிரும் கடற்சிப்பி ஒன்றிலும் இதையே கண்ட துபுவா, எரிபொருளுக்கு லூசிஃபெரின் என்றும் நொதிக்கு லூசிஃபெரேஸ் என்றும் பெயரிட்டார். லத்தீனில் லூசிஃபர் என்றால் ஒளி கொணர்பவன். விடிவெள்ளிக்கு ரோமானியர் வழங்கிய பெயர் அது. சாத்தான் என்ற பொருள் பிற்காலக் கிறித்தவ மரபில் ஏறிக்கொண்டது. நச்சுச் சோதனைக்கு இந்தப் பெயர் பொருத்தமாகப் போனது தற்செயலே.

அடுத்த தலைமுறையில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்மண்ட் நியூட்டன் ஹார்வி தம் வாழ்நாளின் பெரும்பகுதியை உயிரொளிர்வுக்கே செலவிட்டார். ஆனால் மின்மினி மட்டும் அவருக்கு முழுமையாகப் பிடிபடவில்லை. லூசிஃபெரின், லூசிஃபெரேஸ், உயிர்வளி மூன்றும் போதும் என்ற கணக்கு பிற உயிரினங்கள் சிலவற்றில் சரியாக வந்தது. மின்மினியில் ஏதோ ஒன்று குறைந்தது. அந்தக் குறையை நிரப்பியவர் ஹார்வியின் மாணவர். ஆனால் அதற்குத் தேவையான பொருள் அதற்கு முன்பே, முற்றிலும் வேறொரு ஆய்வில் கண்டறியப்பட்டிருந்தது.

2. சென்னையிலிருந்து பாஸ்டனுக்கு

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தார். காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்துவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் பாஸ்டன் சென்று ஹார்வர்டில் சேர்ந்தார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்கேவுடன் இணைந்து, உடல் திரவங்களில் பாஸ்பரஸின் அளவைக் கண்டறியும் முறையை 1925-இல் வெளியிட்டார். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்ற பெயரில் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அந்த முறையைக் கொண்டு தசையில் உள்ள பாஸ்பரஸ் சேர்மங்களைத் தேடியபோது, 1929-இல் இருவரும் ஏ.டி.பி. என்று நாம் சுருக்கமாக வழங்கும் அடினோசின் டிரைபாஸ்பேட்டைக் கண்டனர். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டறிந்தார்.

ஏ.டி.பி.யை உயிரணுவின் கைச்செலவுப் பணம் எனலாம். உண்ட உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றல் இந்த மூலக்கூறாக மாற்றப்பட்ட பிறகே பெரும்பாலான வேலைகளுக்குச் செலவாகிறது. அதைச் சேமித்து வைக்க இயலாது. கணந்தோறும் செலவழித்துக் கணந்தோறும் ஆக்க வேண்டும். ஒரு மனித உடல் ஒரு நாளில் ஏறத்தாழத் தன் எடைக்கு நிகரான ஏ.டி.பி.யைத் திரும்பத் திரும்ப உருவாக்குகிறது. உயிரணு இறக்கும்போது இந்த ஆக்கம் நின்றுபோகிறது. எஞ்சியிருப்பதையும் நொதிகள் சிதைத்துவிடுகின்றன. ஆகவே ஏ.டி.பி. இருக்கும் இடத்தில் உயிர் இருக்கிறது என்று கொள்ளலாம். நச்சுச் சோதனையின் அடிப்படை இந்த ஒரு வரிதான். ஆனால் 1929-இல் அதை எளிதில் அளக்க வழி இல்லை.

3. பால்டிமோரின் கோடை இரவுகள்

ஹார்வியிடம் முனைவர் பட்டம் பெற்ற வில்லியம் மெக்எல்ராய், பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார். ஆய்வுக்கு ஏராளமான மின்மினிகள் தேவைப்பட்டன. ஊர்ச் சிறுவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது: நூறு மின்மினிக்கு 25 சென்ட். முதல் கோடையிலேயே சுமார் 40,000 மின்மினிகள் வந்து சேர்ந்தன. பிற்காலத்தில் இது ஆண்டுக்குப் பல லட்சமாக வளர்ந்தது.

பிடிபட்ட மின்மினிகளின் ஒளியுறுப்புகளை உலர்த்தி, அரைத்து, சாறு எடுத்தனர். அந்தச் சாறு சிறிது நேரம் ஒளிர்ந்து மங்கும். மங்கிய சாற்றில் மெக்எல்ராய் ஏ.டி.பி.யைச் சேர்த்தார். ஒளி உடனே திரும்பியது. 1947-இல் வெளியான அந்த முடிவு, ஹார்வியைத் திணறடித்த குறை எது என்பதைக் காட்டியது. மின்மினியின் லூசிஃபெரின் நேரடியாக உயிர்வளியுடன் சேர்வதில்லை, முதலில் ஏ.டி.பி.யுடன் வினைபுரிந்து கிளர்வுற வேண்டும், அதன் பிறகே உயிர்வளியுடன் சேர்ந்து மஞ்சள் கலந்த பச்சை ஒளியை உமிழும்.

கண்டுபிடிப்பைத் தலைகீழாகத் திருப்பினால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. லூசிஃபெரினும் லூசிஃபெரேஸும் உயிர்வளியும் தேவைக்கு மிகுதியாக இருக்குமாறு வைத்துக்கொண்டால், ஒளியின் அளவைத் தீர்மானிப்பது ஏ.டி.பி. மட்டுமே. ஒளியை அளந்தால் ஏ.டி.பி.யை அளந்ததாகும். பெர்னார்ட் ஸ்ட்ரெலரும் ஜான் டாட்டரும் 1952-இல் இதை ஓர் அளவீட்டு முறையாகவே வகுத்தனர். ஒளியைப் போல் நுட்பமாக அளக்கக்கூடிய பொருள் வேறு அரிது என்பதால், மிகக் குறைந்த அளவு ஏ.டி.பி.யும் இதற்குத் தப்பவில்லை. 1960-களில் நாசாவின் எம்மெட் சாப்பெல் இதே வினையைக் கொண்டு, வேற்றுக் கோள்களில் உயிரைத் தேடுவது பற்றியும் நீரில் உள்ள நுண்ணுயிரிகளை எண்ணுவது பற்றியும் ஆராய்ந்தார். இன்று உணவுத் தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் ஒரு பரப்பு தூய்மையாக இருக்கிறதா என்று பஞ்சுக்குச்சியால் ஒற்றியெடுத்துக் கருவியில் பார்ப்பது அந்த வழியில் வந்ததே.

சுப்பாராவ் 1948-இல் நியூயார்க்கில் காலமானார். மெக்எல்ராயின் கட்டுரை அதற்கு முந்தைய ஆண்டில்தான் வெளிவந்திருந்தது.

4. பத்துக் கோடி ஒளிகள்

மெக்எல்ராயின் முறை பரவியதும் மின்மினிச் சாற்றுக்குச் சந்தை உருவாயிற்று. செயின்ட் லூயிஸ் நகரின் சிக்மா என்னும் வேதிப்பொருள் நிறுவனம் 1960 வாக்கில் 'மின்மினி அறிவியலாளர் மன்றம்' ஒன்றைத் தொடங்கியது. அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் சிறுவர்களும் முதியோரும் தேவாலயக் குழுக்களும் நிதி திரட்டுவதற்காக மின்மினி பிடித்து அனுப்பினார்கள். ஒரு பூச்சிக்கு ஏறத்தாழ ஒரு சென்ட் கிடைத்தது. ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் மின்மினிகள் என்ற கணக்கில் 1990-களின் நடுப்பகுதிவரை இந்த அறுவடை நடந்தது. மொத்தம் பத்துக் கோடியைத் தொடும் என்பது மின்மினி ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இதில் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஆய்வகங்கள் பெரிதும் நாடிய ஃபோட்டினஸ் பைராலிஸ் என்ற இனத்தில், புல்வெளிக்கு மேல் ஒளிர்ந்தபடி பறப்பவை ஆண்கள். பெண்கள் புல்லில் அமர்ந்து விடை ஒளி காட்டும். புழுவாக ஓராண்டோ இரண்டாண்டோ மண்ணுக்குள் வாழ்ந்து, இணை தேடச் சில வாரங்கள் மட்டுமே பறக்கும் பூச்சி அது. சிறுவர்களின் கையில் எளிதில் அகப்பட்டவை அந்தச் சில வாரங்களில் அழைப்பு விடுத்துக்கொண்டிருந்தவை. விலங்குகளின் துன்பத்தைக் குறைத்த தொழில்நுட்பம் என்று இச்சோதனையைப் போற்றுகிறோம், போற்றலாம். ஆனால் அதன் முதல் அரை நூற்றாண்டின் செலவுக் கணக்கில் இந்தப் பத்துக் கோடியும் எழுதப்பட வேண்டும்.

5. எலியின் இடத்தில் ஒளி

நச்சுச் சோதனையின் பழைய முறை எது? 1927-இல் இங்கிலாந்தின் ஜே. டபிள்யூ. டிரெவன் ஓர் அளவை முன்வைத்தார்: ஒரு விலங்குக் கூட்டத்தில் பாதியைக் கொல்லும் அளவு எதுவோ, அதுவே அந்தப் பொருளின் நச்சுத்தன்மைக்கு அளவுகோல். டிஜிட்டாலிஸ், இன்சுலின் போன்று தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறுபட்ட மருந்துகளை ஒழுங்குபடுத்த அது அன்று தேவைப்பட்டது. பிறகு அதுவே எல்லா வேதிப்பொருள்களுக்குமான சடங்காயிற்று. ஒரு பொருளைச் சோதிக்கப் பல பத்து விலங்குகள் மடிந்தன.

இந்தச் சடங்கு தானாக வளரவில்லை. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை நச்சுத்தன்மையுள்ள டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் குழந்தைகள் பலர். விற்பனைக்கு முன் பாதுகாப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்ற 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விளைவு. சோதிக்காமல் விட்டால் மனிதர் இறக்கிறார்கள். சோதித்தால் விலங்குகள் இறக்கின்றன. இந்த இக்கட்டுக்குள்தான் உயிரணுச் சோதனைகள் நுழைந்தன.

முறை எளியது. சிறு குழிகள் கொண்ட தட்டில் மனித உயிரணுக்களை வளர்ப்பார்கள். ஒவ்வொரு குழியிலும் சோதிக்க வேண்டிய பொருளை வெவ்வேறு செறிவில் இடுவார்கள். ஒன்றிரண்டு நாள் கழித்து, உயிரணுக்களை உடைக்கும் கரைசலும் லூசிஃபெரினும் லூசிஃபெரேஸும் கலந்த ஒரே திரவத்தை ஊற்றுவார்கள். சில நிமிடங்களில் ஒவ்வொரு குழியின் ஒளியையும் கருவி படித்துவிடும். செறிவு கூடக் கூட ஒளி எப்படிக் குறைகிறது என்ற வளைவே அந்தப் பொருளின் நச்சுத்தன்மையைக் காட்டும் வரைபடம். இயற்கை லூசிஃபெரேஸ் விரைவில் சோர்ந்துவிடும் என்பதால், வெப்பத்தையும் வேதிப்பொருள்களையும் தாங்குமாறு மரபணு மாற்றங்களால் திருத்தப்பட்ட வடிவங்கள் பிற்காலத்தில் வந்தன; அவற்றின் ஒளி மணிக்கணக்கில் நிலைக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கழிவுநீரின் நச்சுத்தன்மையைச் சோதிக்க ஒளிரும் கடல் பாக்டீரியாவைப் பயன்படுத்தும் முறை ஒன்றும் உண்டு. அதில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. நஞ்சு பட்டால் அதன் ஒளி மங்குகிறது. அதாவது சாட்சியே பாதிக்கப்பட்டவர். மின்மினி முறையில் அப்படியன்று. பாதிக்கப்படுவது வேறொருவரின் உயிரணு, மின்மினியின் நொதி அதைப் பார்த்துச் சொல்லும் வெளிச்சாட்சி. இரண்டின் வேதியியலும் வேறு வேறு.

6. பூச்சி இல்லாத மின்மினி

1985-இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மார்லின் டிலூக்கா, டொனால்டு ஹெலின்ஸ்கி ஆகியோரின் குழுவினர் மின்மினி லூசிஃபெரேஸின் மரபணுவைப் பிரித்தெடுத்துப் பாக்டீரியாவுக்குள் செலுத்தினர். டிலூக்கா மெக்எல்ராயின் மனைவி. அதே நொதியை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அடுத்த ஆண்டே அந்த மரபணுவை ஏந்திய புகையிலைச் செடி ஒளிர்ந்தது. அந்தப் படம் உலகெங்கும் பேசப்பட்டது. பாக்டீரியாவே நொதியை ஆக்கித் தரும் என்றான பிறகு கோடை இரவுகளின் அறுவடைக்குத் தேவை குறைந்தது. 1990-களில் அது முடிவுக்கு வந்தது.

மரபணு கிடைத்ததால் கேட்கக்கூடிய கேள்வியும் மாறியது. முன்பு 'உயிரணு இருக்கிறதா, இறந்ததா' என்று மட்டும் கேட்க முடிந்தது. இப்போது லூசிஃபெரேஸ் மரபணுவை உயிரணுவின் ஏதேனும் ஓர் ஆணைத்தொடருக்குப் பின்னால் இணைத்துவிடலாம். அந்த ஆணை பிறப்பிக்கப்படும்போது ஒளி வரும். டயாக்சின் போன்ற நஞ்சு உயிரணுவுக்குள் புகுந்து தன் ஏற்பியைத் தொட்டால் ஒளிருமாறு அமைத்த சோதனைகள் 1990-களில் உருவாயின. 1999-இல் பெல்ஜியத்தில் கோழித்தீவனத்தில் டயாக்சின் கலந்த நெருக்கடிக்குப் பிறகு, உணவு மாதிரிகளை முதற்கட்டமாகச் சலித்தெடுக்க இத்தகைய சோதனைகளுக்கு ஐரோப்பிய விதிகளில் இடம் கிடைத்தது.

பெண் இயக்குநீரான ஈஸ்ட்ரஜனைப் போல் நடிக்கும் வேதிப்பொருள்களைக் கண்டறிய, ஓ.இ.சி.டி. அமைப்பு 2009-இல் ஏற்ற 455-ஆம் எண் வழிகாட்டியில் ஹீலா-9903 என்ற உயிரணு வரிசை இடம்பெற்றுள்ளது. ஹீலா உயிரணுக்கள் 1951-இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமல் எடுக்கப்பட்டவை. எடுக்கப்பட்ட இடம் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. அதே ஊரில், அதே பல்கலைக்கழகத்தில், அதே ஆண்டுகளில்தான் மெக்எல்ராயின் ஆய்வகம் மின்மினிகளை எண்ணி வாங்கிக்கொண்டிருந்தது. அரை நூற்றாண்டு கழித்து அந்தப் பெண்ணின் உயிரணுவும் அந்தப் பூச்சியின் மரபணுவும் ஒரே சோதனைத் தட்டில் சேர்ந்தன. பூச்சிக்குக் கால் சென்ட் விலை கிடைத்தது. ஹென்ரியட்டாவுக்கு அதுவும் இல்லை.

ஒப்பனைப் பொருள்கள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குமா என்பதைக் கண்டறிய முன்பு கினிப் பன்றிகளும் எலிகளும் பயன்பட்டன. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் விலங்குகளில் சோதிக்கப்பட்ட ஒப்பனைப் பொருள்களின் விற்பனையை முழுமையாகத் தடைசெய்தது. மாற்று வழிகளுள் ஒன்றாக, மனிதத் தோல் உயிரணுக்களில் லூசிஃபெரேஸ் மரபணுவைப் பொருத்திய சோதனை 2015-இல் ஓ.இ.சி.டி. ஏற்பைப் பெற்றது. அமெரிக்க அரசு நிறுவனங்கள் 2008-இல் தொடங்கிய டாக்ஸ்21 திட்டத்தில் சுமார் 10,000 வேதிப்பொருள்கள் தானியங்கி எந்திரங்களால், 1,536 குழிகள் கொண்ட தட்டுகளில் சோதிக்கப்பட்டன. அச்சோதனைகளில் பல லூசிஃபெரேஸ் ஒளியை நம்பியவை.

இந்தியா 2014-இல் ஒப்பனைப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதையும், அவ்வாறு சோதிக்கப்பட்டவற்றை இறக்குமதி செய்வதையும் தடைசெய்தது. 2023 மார்ச்சில் புதிய மருந்துகள் தொடர்பான விதிகளைத் திருத்தி, மருந்துச் சோதனையில் விலங்குகளுக்கு மாற்றாக உயிரணு சார்ந்த முறைகளுக்கும் இடமளித்தது. நம் கடைகளில் 'விலங்குகளில் சோதிக்கப்படவில்லை' என்ற முத்திரையுடன் விற்கும் குப்பிகளுக்குப் பின்னாலும் இத்தகைய சோதனைகள் நிற்கக்கூடும்.

7. சாட்சி தடுமாறிய இடம்

இவ்வளவு சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லூசிஃபெரேஸ் ஒரு நொதி. எந்த நொதியையும் போல அதையும் சில வேதிப்பொருள்கள் முடக்கும். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் டக்ளஸ் ஆல்டும் சகாக்களும் சுமார் 70,000 பொருள்களைச் சோதித்து 2008-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 3 விழுக்காடு மின்மினி லூசிஃபெரேஸை முடக்கின. அத்தகைய ஒரு பொருளை உயிரணு மீது இட்டால் ஒளி குறையும். உயிரணு நலமாகவே இருக்கும். நஞ்சல்லாத பொருள் நஞ்சென்று பெயர் வாங்கும்.

இதைவிட விந்தையானது எதிர்ப்பக்கப் பிழை. டூஷேன் தசைச்சிதைவு என்பது சிறுவர்களைத் தாக்கும் மரபுநோய். நோயாளிகளுள் ஒரு சாராருக்கு, தசைப் புரதத்துக்கான மரபணுவின் நடுவில் தவறான இடத்தில் ஒரு நிறுத்தக்குறி இருக்கிறது. வாக்கியத்தின் பாதியில் முற்றுப்புள்ளி விழுந்தது போல, புரதம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்தப் புள்ளியைக் கடந்து வாசிக்கவைக்கும் மருந்து ஒன்றைத் தேடி, பி.டி.சி. தெரப்யூட்டிக்ஸ் நிறுவனத்தினர் லூசிஃபெரேஸ் மரபணுவின் நடுவிலேயே ஒரு நிறுத்தக்குறியை வைத்து, எந்தப் பொருள் ஒளியைத் திரும்பக் கொண்டுவருகிறது என்று பார்த்தார்கள். அவ்வாறு கிடைத்த பி.டி.சி.124, அதாவது அட்டலூரன், 2007-இல் நேச்சர் இதழில் பெரும் நம்பிக்கையுடன் அறிவிக்கப்பட்டது.

2009-இல் ஆல்டின் குழு ஒரு மாற்று விளக்கத்தை வைத்தது. அட்டலூரன் மின்மினி லூசிஃபெரேஸை மிக வலுவாகப் பற்றிக்கொள்ளும் முடக்கி. பற்றப்பட்ட நொதி உயிரணுவுக்குள் எளிதில் சிதையாமல் நிலைத்து நிற்கிறது, எனவே குவிகிறது. பின்னர் அளவீட்டுக் கரைசலை ஊற்றும்போது, அதில் மிகுந்திருக்கும் லூசிஃபெரினும் பிற பொருள்களும் முடக்கியின் பிடியைத் தளர்த்தக் குவிந்திருந்த நொதி முழுதும் ஒளிர்கிறது. நொதியை முடக்கும் பொருளே ஒளியைக் கூட்டிக் காட்டுகிறது. நிறுத்தக்குறியைக் கடந்து வாசித்ததால் வந்த ஒளியா, நொதி சிதையாமல் தேங்கியதால் வந்த ஒளியா என்று அந்த ஒரு சோதனையால் சொல்ல முடியாது என்பதே அவர்களின் வாதம். தங்கள் முடிவு பிற சோதனைகளாலும் தாங்கப்படுகிறது என்று நிறுவனத்தினர் மறுத்தனர். வாதம் பல ஆண்டுகள் நீண்டது.

2014-இல் ஐரோப்பிய ஒன்றியம் அட்டலூரனுக்கு நிபந்தனையுடன் அனுமதி தந்தது. அடுத்து வந்த மருத்துவ ஆய்வுகள் அதன் பயனை உறுதிசெய்யவில்லை என்று மதிப்பீட்டுக் குழு கருதியதால், 2025-இல் அந்த அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. மருந்தின் தலைவிதியை மின்மினி ஒன்றே தீர்மானித்தது என்று சொல்வது மிகை. ஆனால் தம் பிள்ளைகளின் கால்கள் ஆண்டுக்காண்டு வலுவிழப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோர்கள் அந்தப் பெயரை நம்பிக் காத்திருந்த ஆண்டுகள் பல. ஓர் அளவுகோலின் நம்பகம் பற்றிய கேள்வி ஆய்வேடுகளின் அடிக்குறிப்போடு முடிவதில்லை.

இத்தகைய குழப்பங்களிலிருந்து துறை பாடம் கற்றது. ஒரே சோதனையில் வேறு வேதியியல் கொண்ட இரண்டாவது ஒளிரும் நொதியையும் சேர்ப்பது, ஒளியால் கிடைத்த முடிவை ஒளி சாராத முறையால் சரிபார்ப்பது, உயிரணு எதுவும் இல்லாமல் நொதியை மட்டும் வைத்து அந்தப் பொருள் அதை முடக்குகிறதா என்று முன்கூட்டியே பார்ப்பது ஆகியவை இன்று நல்ல ஆய்வின் இலக்கணங்கள். நொதியின் ஒளித்திறன் பற்றிய நம் எண்ணமே திருத்தப்பட்டது. எரியும் லூசிஃபெரின் மூலக்கூறுகளில் 88 விழுக்காடு ஒளியாக மாறுகின்றன என்று 1960 முதல் பாடநூல்கள் சொல்லிவந்தன. 2008-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் புதிய கருவிகளால் மீண்டும் அளந்தபோது 41 விழுக்காடே வந்தது.

8. முடிப்பதற்கு முன்

இச்சோதனைகளால் எலிகளும் முயல்களும் காப்பாற்றப்பட்டன என்பது உண்மை. ஆனால் தட்டில் வளரும் ஒருவகை உயிரணு ஒரு முழு உடலுக்கு ஈடாகாது. கல்லீரல் மாற்றியமைத்த பிறகு நஞ்சாகும் பொருளையோ, மாதக்கணக்கில் மெல்லக் கொல்லும் பொருளையோ அது காட்டாமல் போகலாம். ஆகவேதான் ஒழுங்குமுறை அமைப்புகள் எந்த ஒரு சோதனையையும் தனித்து நம்பாமல், பல சான்றுகளைச் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும் என்கின்றன. மாற்றுமுறைகளுக்கு நம் நாட்டுச் சட்டம் இடம் தந்திருக்கும் இந்நேரத்தில், அந்த முறைகளின் வலிமையோடு எல்லையையும் தமிழில் எடுத்துச் சொல்வது தேவை என்று கருதுகிறேன்.

இன்னொன்று. புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்றும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், சுப்பாராவ் லெடர்லி நிறுவனத்தில் தலைமையேற்று நடத்திய ஆய்வுகளில் உருவானது. அது உயிரணுக்களைக் கொன்று நோய் தீர்க்கும் மருந்து. எந்த அளவில் அது எந்த உயிரணுவைக் கொல்கிறது என்பதை இன்றைய ஆய்வகங்கள் மின்மினி ஒளியால் அளக்கின்றன. அந்த ஒளி அளப்பது அவரே இணைந்து கண்டறிந்த ஏ.டி.பி.யை. அவருடைய நூற்றாண்டையொட்டி 1995-இல் இந்திய அரசு ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. சென்னையில் படித்தவர் என்ற செய்தி சென்னையிலேயே பலருக்குத் தெரியாது.

உயிரியல் வகுப்பில் ஏ.டி.பி. என்ற மூன்றெழுத்தைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர்கள் இந்தப் பதிவைப் படிக்க நேர்ந்தால் ஒரு வேண்டுகோள்: பாடத்துக்கு நடுவே ஐந்து நிமிடம் ஒதுக்கி, அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் சுப்பாராவின் பெயரையும் எழுதுங்கள். மாணவர்களுக்கு மின்மினி பிடிக்கும்; மீதிக் கதையை அதிலிருந்து தொடங்கலாம்.